எலியை வளர்ப்பது யார்?

 

கடந்த ஷஃபான் மாதக் கடைசியில், நோன்புக் கஞ்சிக்கான அரிசியை எடுப்பதற்காக நம் அறக்கட்டளையின் இருப்பு அறையைத் திறந்தோம். சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டைகள் பலவற்றின் அடியில் ஓட்டை. தரையெல்லாம் அரிசி, அதன்மேல் புழுக்கை. எலி தின்றது சில கிலோதான் இருக்கும். ஆனால் புழுக்கையும் மூத்திரமும் பட்டுவிட்டதால் நாங்கள் ஒதுக்கிப் போட்டது நான்கு மூட்டை. மக்கள் நம்பித் தந்த அமானிதம் அது. அறைச் சாவி என்னிடம் இருந்தது. ஆகவே குற்றமும் என்னுடையதுதான்.

அதைவிட என்னைக் கலங்க வைத்தது அதன் பிறகு நடந்தது. ‘மருந்து வைத்துவிடலாம்’ என்று முடிவு செய்து, தக்காளித் துண்டுகளில் எலி மருந்தைத் தடவி அறையின் நான்கு மூலையிலும் வைத்தோம். மறுநாள் மாலை மக்தப் மதரஸாவுக்கு அண்ணனோடு வந்த நான்கு வயதுப் பிள்ளை, திறந்து கிடந்த அந்த அறைக்குள் போய், ஒரு தக்காளித் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தது. மோதினார் ஓடிப்போய்த் தட்டிவிட்டார். வாயில் வைப்பதற்கு முன்பே பார்த்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். அன்று இரவு அந்தப் பிள்ளையின் தாயார் என்னிடம் கேட்டார்: “மாமா, அது எலிக்கு வெச்சதா, எங்க புள்ளைக்கு வெச்சதா?”

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகுதான் எலியைப் பற்றிப் படிக்கவும் விசாரிக்கவும் தொடங்கினேன். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடமும், நம் பகுதி வயல்களில் எலி பிடிக்கும் இருளர் பெரியவர் ஒருவரிடமும், ஒரு மருத்துவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எலியின் குடும்பம்

எலி, சுண்டெலி, பெருச்சாளி, அணில், முள்ளம்பன்றி எல்லாம் ஒரே குடும்பம். ‘கொறித்துண்ணிகள்’ என்று பெயர். உலகில் உள்ள பாலூட்டி இனங்களில் ஏறக்குறைய பத்தில் நான்கு இந்தக் குடும்பம்தான். இரண்டாயிரம் இனங்களுக்கு மேல் இருக்கின்றன. முயல் இதில் சேராது. இரவில் ‘கீச் கீச்’ என்று சுவரோரம் ஓடும் நீண்ட மூக்கு மூஞ்சூறும் எலி அல்ல. அது கரப்பான், பூச்சி, புழுவைத் தின்னும் வேறொரு பிராணி.

கொறித்துண்ணியின் அடையாளம் அதன் முன்பற்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு. அவை சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். பல்லின் முன்புறம் கடினமான எனாமல், பின்புறம் மென்மையானது. கொறிக்கக் கொறிக்கப் பின்புறம் சீக்கிரம் தேய்ந்து, முன்புறம் தச்சர் உளி போலக் கூராகவே நிற்கும். எலி மரத்தையும் சோப்பையும் பிளாஸ்டிக் குழாயையும் மின்கம்பியையும் கடிப்பது பசியால் மட்டும் அல்ல. வழியை உண்டாக்கவும் கடிக்கும், பல்லைத் தேய்க்கவும் கடிக்கும். இரவில் விளக்கை அணைத்துவிடுமாறும், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டை எரித்துவிடக் கூடும் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. இன்று திரி விளக்கு இல்லை. ஆனால் எலி கடித்த மின்கம்பியால் தீப்பிடிப்பது இன்றும் நடக்கிறது.

நம் ஊரில் எலி என்று பொதுவாகச் சொல்வது உண்மையில் பல இனங்கள். பரணிலும் ஓட்டுக்கூரையிலும் ஓடுவது வீட்டெலி. உடம்பைவிட வால் நீளம், நன்றாக ஏறும். அலமாரிக்குள் குடியிருப்பது சுண்டெலி. சாக்கடையோரம் பெருங்குழி தோண்டுவது பெருச்சாளி. வயல் வரப்பைக் குடைவது கரம்பை எலி. மேட்டுநிலத்துக் கொல்லைகளில் வெள்ளெலி இருக்கிறது. ஒவ்வொன்றின் குணமும் வேறு. ஆகவே ‘எலிக்கு என்ன வைத்தியம்?’ என்று கேட்பதற்கு முன் ‘எந்த எலி?’ என்று கேட்க வேண்டும் என்றார் அந்த ஓய்வுபெற்ற அலுவலர்.

கொன்றும் ஏன் குறையவில்லை?

பெண் எலி சுமார் மூன்று வாரம் சுமந்து, ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டிகள் வரை போடும். மூன்று மாதத்துக்குள் அந்தக் குட்டிகளும் குட்டி போடத் தயாராகிவிடும். காட்டிலும் வயலிலும் எலியின் ஆயுள் பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் போவதில்லை. பிறப்பதில் பெரும்பகுதி பாம்புக்கும் ஆந்தைக்கும் நோய்க்கும் பசிக்கும் போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்டும் வேகத்தில்தான் அதன் பெருக்கம் அமைந்திருக்கிறது.

இதில் ஒரு முக்கியமான கணக்கு இருக்கிறது. ஓர் இடத்தில் எத்தனை எலி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது நாம் கொல்லும் எண்ணிக்கை அல்ல, அங்கே கிடைக்கும் தீனியும் ஒளிவதற்கான இடமும்தான். பத்தில் எட்டைக் கொன்றுவிட்டோம் என்று வையுங்கள். மீதி இரண்டுக்கும் இப்போது தீனி தாராளம், வளை தாராளம். குட்டிகள் அதிகம் பிழைக்கும். பக்கத்துத் தெருவிலிருந்தும் எலி குடியேறும். சில மாதங்களில் பழைய கணக்கு வந்துவிடும். நாம் மறுபடி மருந்து வாங்கக் கடைக்குப் போவோம்.

இதற்கு நம் நாட்டிலேயே இரண்டு பெரிய சாட்சிகள் உண்டு. ஒன்று தீனி பெருகியதால் நடந்தது, மற்றொன்று தீனியைக் குறைத்ததால் நடந்தது.

முதலாவது மிசோரம். அங்கே மலை முழுவதும் ஒருவகை மூங்கில் காடு. ஏறக்குறைய 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த மூங்கில் முழுவதும் ஒரே சமயத்தில் பூத்துக் காய்த்து மடியும். மலையெங்கும் மூங்கில் காய் கொட்டிக் கிடக்கும். அதைத் தின்று எலிகள் கணக்கின்றிப் பெருகும். காய் தீர்ந்ததும் அவ்வளவு எலியும் நெல் வயலில் இறங்கும். ‘மௌதம்’ என்று அம்மக்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். 1959-ல் அப்படி மூங்கில் பூத்து, பயிர் அழிந்து, பஞ்சம் வந்தது. முன்கூட்டியே மக்கள் எச்சரித்தும் அன்றைய மாநில ஆட்சி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஞ்ச நிவாரணத்துக்காகத் தொடங்கிய மிசோ தேசியப் பஞ்ச முன்னணி, பிறகு மிசோ தேசிய முன்னணி என்ற அரசியல் இயக்கமானது. 1966-ல் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. 1986-ல்தான் சமாதான உடன்படிக்கை. எலி தின்ற நெல்லில் தொடங்கிய துயரம் இருபது ஆண்டுப் போராக முடிந்தது. அடுத்த மௌதம் 2007-ஐ ஒட்டி வந்தது. அப்போதும் பயிர் அழிந்தது. ஆனால் வருவது தெரிந்து அரசு முன்கூட்டியே ஏற்பாடுகள் செய்திருந்தது.

இரண்டாவது குஜராத்தின் சூரத் நகரம். 1994 செப்டம்பரில் அங்கே பிளேக் பரவியது. இலட்சக்கணக்கான மக்கள் ரயிலேறி ஓடினார்கள். நாடே நடுங்கியது. அடுத்த ஆண்டு மாநகராட்சி ஆணையராக வந்த எஸ்.ஆர்.ராவ் தெருத்தெருவாகக் குப்பையை அள்ள ஏற்பாடு செய்தார். சாக்கடையைச் சீர்செய்தார். அதிகாரிகளை அலுவலகத்தை விட்டுத் தெருவில் இறங்கச் செய்தார். உணவு விடுதிகளின் சுத்தத்தைக் கண்காணித்தார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில், நாட்டிலேயே அழுக்கான நகரம் என்று பெயர் வாங்கியிருந்த சூரத், இரண்டாவது தூய்மையான நகரம் என்று மதிப்பிடப்பட்டது. அந்த நகரைக் காப்பாற்றியது எலி மருந்து அல்ல, குப்பை லாரியும் துடைப்பமும்தான்.

இந்த இரண்டையும் படித்த பிறகு எங்கள் இருப்பு அறையை நினைத்துப் பார்த்தேன். தரையில் மூட்டை, கதவுக்கடியில் இரண்டு விரல் இடைவெளி, பின்பக்கம் கந்தூரிப் பாத்திரங்களும் உடைந்த பெஞ்சுகளும் குவிந்த மூலை. சோறும் வீடும் கொடுத்து எலியை வளர்த்தது நாங்கள்தான்.

எலியின் புத்தி

எலிக்குச் சந்தேகக் குணம் அதிகம். பழகிய பாதையில் புதிதாக எதை வைத்தாலும் சில நாட்கள் ஒதுங்கிப் போகும். புதிய தீனியானால் முதலில் கொஞ்சம்தான் கடித்துப் பார்க்கும். எலியால் வாந்தி எடுக்க முடியாது. தவறானதைத் தின்றால் வெளியே தள்ள வழியில்லை என்பதால் இந்த எச்சரிக்கை அதற்கு அவசியம். கொஞ்சம் தின்று உடம்புக்கு ஆகாமல் பிழைத்துக்கொண்ட எலி மறுபடி அந்த வாசனைப் பக்கம் போகாது. வேறொரு எலியின் வாயில் வரும் வாசனையை வைத்து, அது எதைத் தின்றது, எது தின்னத் தக்கது என்று மற்ற எலிகள் கற்றுக்கொள்வதையும் ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள்.

அதற்குக் கண் அவ்வளவு கூர்மை இல்லை. மீசை ரோமத்தால் சுவரைத் தடவிக்கொண்டே ஓடும். அதனால்தான் எலி நடு அறையில் ஓடுவதில்லை. அது தினமும் போகும் வழியில் சுவரில் எண்ணெய்ப் பிசுக்குப் போலக் கறுப்புத் தடம் இருக்கும். பொறியை வைக்க வேண்டிய இடம் அதுதான். நம்மில் பலர் ஒரே பொறியை அறை நடுவில் வைத்துவிட்டு, இரண்டு நாளில் ‘விழவில்லை’ என்று எடுத்துவிடுகிறோம். நான்கைந்து பொறிகளைச் சுவரை ஒட்டி வைத்து, முதல் இரண்டு மூன்று இரவுகள் விசையைப் பூட்டாமலே தேங்காய்ச் சில்லோ கருவாடோ வடையோ வைத்துத் தின்னவிட வேண்டும். பழகிய பிறகு ஒரே இரவில் எல்லாவற்றையும் பூட்ட வேண்டும். நாங்கள் அப்படிச் செய்ததில் முதல் இரவே ஐந்து விழுந்தன.

வயலில்

நம் தா.பழூர் வட்டாரத்தில் பொன்னாறு வாய்க்கால் பாசனத்தில் சம்பா போடும் குடும்பங்கள் பல இருக்கின்றன. நெற்பயிர்த் தண்டு கத்தியால் சாய்த்து வெட்டியது போலக் கிடந்தால் அது எலி வேலை. வயலில் அதிக சேதம் செய்யும் கரம்பை எலி தின்பதோடு நிற்பதில்லை. கதிரை அறுத்து வளைக்குள் சேர்த்து வைக்கும். ஒரு வளையைத் தோண்டினால் கிலோக் கணக்கில் கதிர் கிடைப்பது உண்டு. வறுமைக் காலத்தில் அந்த நெல்லைத் தோண்டி எடுத்துக் கஞ்சி காய்ச்சிய குடும்பங்கள் நம் மண்ணில் இருந்தன.

‘எலி வளையானாலும் தனி வளை’ என்ற பழமொழி சும்மா வந்ததல்ல. குட்டியோடு இருக்கும் தாயைத் தவிர, வளர்ந்த கரம்பை எலிகள் ஒரே வளையில் சேர்ந்து இருப்பதில்லை. ஒரு வளைக்குப் பல வாய்கள் இருந்தாலும் குடியிருப்பது பெரும்பாலும் ஒன்றுதான். எனவே மாலையில் வரப்பில் உள்ள ஓட்டைகளையெல்லாம் மண்ணால் மூடிவிட்டு, காலையில் எவை திறந்திருக்கின்றன என்று பார்த்தால், எங்கே ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இருளர் பெரியவர் இன்னும் ஒரு படி மேலே போய், வாயிலில் கிடக்கும் மண்ணின் ஈரத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறார். அவர் பிடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு எலிக்கும் கொடுக்கும் கூலி விஷத்துக்குச் செலவழிப்பதைவிட வீண் அல்ல. புகை போட்டு எலி பிடிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக மண்சட்டியில் வாயால் ஊதி உதடு வெந்து, நெஞ்சில் புகை சேர்ந்து அவதிப்பட்டவர்கள். திருவள்ளூர்ப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் கையால் சுற்றும் புகைக் கருவியை இருளர்களுக்காகச் செய்துகொடுத்தது. அந்தக் கருவிக்கு உலக அளவில் பரிசும் கிடைத்தது.

வயலில் கவனிக்க வேண்டியவை இவை:

வரப்பை அகலமாகவும் உயரமாகவும் போடாதீர்கள். பெரிய வரப்பு எலிக்கு மாடி வீடு. வரப்பில் புல் மண்ட விடாதீர்கள்.

அறுவடைக்குப் பின் கோடையில் வளைகளைத் தோண்டி அழியுங்கள். நடவுக்குப் பிறகு, பயிர் தூர் கட்டும் பருவத்திலேயே கிட்டி வையுங்கள். மூங்கிலால் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டி இன்றும் வேலை செய்கிறது. தொண்டைக்கதிர் வந்த பிறகு ஓடுவதில் பயன் குறைவு. கதிர் முற்றும் காலத்தில்தான் எலி அதிகம் குட்டி போடும். முன்கூட்டிப் பிடிக்கும் ஒரு பெண் எலி, பின்னால் வரும் பல எலிகளுக்குச் சமம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பக்கத்து வயல்காரரோடு சேர்ந்து ஒரே வாரத்தில் செய்வது. நம் வயலில் மட்டும் பிடித்தால் வரப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து நிரப்பிவிடும். எலிக்குப் பட்டா எல்லை தெரியாது. நட்பிலோ பகையிலோ இருந்தாலும், பக்கத்து வயல்காரர் எந்தச் சமூகத்தவராக இருந்தாலும், இந்த ஒரு வேலையில் கூடிப் பேசியே தீர வேண்டும்.

எலியும் வேண்டியதுதான்

இவ்வளவு சொன்ன பிறகு, ‘அப்படியென்றால் எலியை அடியோடு ஒழித்துவிட்டால் என்ன?’ என்று கேட்கலாம். அல்லாஹ்வின் படைப்பில் அதற்கும் ஒரு வேலை இருக்கிறது. எலி வளை தோண்டுவதால் மண் புரண்டு காற்றும் நீரும் உள்ளே இறங்குகின்றன. கொட்டைகளைப் புதைத்துவிட்டு மறந்துபோகும் கொறித்துண்ணிகளால் காடுகளில் மரங்கள் முளைக்கின்றன. புதிய மருந்துகள் மனிதருக்குத் தருவதற்கு முன் எலிகளிடம்தான் பெரும்பாலும் சோதிக்கப்படுகின்றன.

ஆந்தை, கூகை, சாரைப்பாம்பு, நரி, கீரி எல்லாவற்றுக்கும் எலிதான் முக்கியத் தீனி. நம் மாவட்டத்துக் கரைவெட்டி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய வயல்வெளிகளில் குளிர்காலத்தில் தாழப் பறக்கும் பூனைப்பருந்துகளும் எலியைத் தேடித்தான் பறக்கின்றன. இந்த உயிர்கள் நமக்குக் கூலி கேட்காத காவலாளிகள். ஆனால் இவற்றை நாமே விரட்டுகிறோம். சாரையைக் கண்டால் அடிக்கிறோம். விஷம் தின்று தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கும் அந்த விஷம் போய்ச் சேர்கிறது. ஆந்தை செத்தால் அடுத்த ஆண்டு எலிக்குக் கொண்டாட்டம்.

ஆந்தையைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டருகே ஆந்தை அலறினால் சாவு வரும் என்று நம் வீடுகளிலும் சிலர் கல்லெறிந்து விரட்டுகிறார்கள். சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் மறுத்தபோது, ஆந்தையைப் பற்றி அரபியரிடம் இருந்த மூட நம்பிக்கையையும் சேர்த்தே மறுத்தார்கள் என்று ஹதீஸ் விளக்கங்களில் படித்திருக்கிறோம். அந்த ஆந்தை நம் வீட்டுக் கூரையில் உட்கார்வது எலியைத் தேடித்தான். வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வைத்தால் இரவில் அது வந்து உட்காரும். கதிர் முற்றும் சமயத்தில் மட்டும் அவற்றை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பகலில் நெல் தின்னும் பறவைகளுக்கு அது இருக்கையாகிவிடும்.

நோய் எப்படி வருகிறது?

1896-ல் பம்பாயில் பிளேக் வந்தபோது அது எப்படிப் பரவுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 1898-ல் கராச்சியில் ஆய்வு செய்த பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியின் உடம்பில் உள்ள தெள்ளுப்பூச்சிதான் கிருமியைக் கடத்துகிறது என்று கண்டுபிடித்தார். எலி செத்ததும் உடம்பு குளிர்ந்துவிடும். தெள்ளுப்பூச்சி அதை விட்டு வேறு சூடான உடம்பைத் தேடும். செத்த எலியைக் கையால் தூக்கக் கூடாது என்று சொல்வதன் காரணம் இதுதான். பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி எடுத்து, ஆழமாகப் புதைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இன்று நமக்கு அருகில் உள்ள ஆபத்து பிளேக் அல்ல, எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலியின் மூத்திரத்தில் வெளியேறி, தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் பல நாட்கள் உயிரோடு இருக்கும். காலில் உள்ள வெட்டு, வெடிப்பு, புண் வழியாக உடம்புக்குள் போகும். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் இது பரவி உயிர்களைப் பறித்தது. நடவு வேலைக்குப் போகும் பெண்கள், வாய்க்கால் தூர்வாருபவர்கள், சாக்கடை அள்ளுபவர்கள், கொள்ளிடக் கரையில் வெள்ளம் வடிந்த வீட்டைச் சுத்தம் செய்பவர்கள் அதிகம் கவனமாக இருக்க வேண்டும்.

அடையாளம்: திடீரென்று கடும் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே வலி, கண் சிவப்பு. முற்றினால் மஞ்சள் காமாலை, மூத்திரம் குறைதல். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் சாதாரணமாகக் கிடைக்கும் மாத்திரைகளிலேயே குணமாகும். தாமதித்தால் சிறுநீரகமும் கல்லீரலும் கெடும். எனவே காய்ச்சலுக்கு டாக்டரிடம் போகும்போது, “இத்தனை நாளைக்கு முன்னால் சேற்றில் நின்றேன், காலில் புண் இருந்தது” என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். ‘மஞ்சள் காமாலைதானே’ என்று பச்சிலை தேடிப் போய் நாட்களை வீணாக்காதீர்கள்.

இன்னொரு விஷயம்: எலி இருக்கும் வீட்டைத் தேடிப் பாம்பு வரும். வீட்டுக்குள் கட்டுவிரியன் வந்தது என்றால் முதலில் எலி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

விஷத்தைப் பற்றி உறுதியாக ஒரு வேண்டுகோள்

எலி மருந்து என்று கடையில் கிடைத்தவற்றில் மிக ஆபத்தானது மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை. இதன் விற்பனைக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்திருக்கிறது. பழைய டியூப் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கலாம். எங்கே இருக்கிறது என்று இன்றே தேடிப் பாருங்கள்.

இந்த விஷத்தின் வஞ்சகம் என்னவென்றால், தின்றவருக்கு முதல் நாள் சற்று வாந்தி வந்து நின்றுவிடும். பிறகு ஓரிரு நாள் நன்றாக இருப்பது போலத் தெரியும். பிள்ளை விளையாடும், சாப்பிடும். வீட்டார் ‘தப்பித்தது’ என்று நினைப்பார்கள். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம், நான்காம் நாள் மஞ்சள் காமாலை தெரியும்போது நிலைமை கைமீறிப் போயிருக்கும். இதற்கு நேரடியான மாற்று மருந்து கிடையாது. ஆகவே தின்றதாகச் சந்தேகம் வந்தாலே, பிள்ளை நன்றாக இருந்தாலும், அந்த நிமிடமே 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்துப் பெட்டியையும் டியூபையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், நெய், எண்ணெய் எதையும் கொடுக்காதீர்கள். கொழுப்போடு சேர்ந்தால் இந்த விஷம் உடம்பில் இன்னும் வேகமாக இறங்கும்.

அடுத்தது பொடியாகவும் மாத்திரையாகவும் வரும் பாஸ்பைடு வகை. இது ஈரம் பட்டால் நச்சு வாயுவை விடும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் எலிக்காக வைத்த மருந்தின் நெடியை இரவு முழுவதும் ஏ.சி. அறையில் சுவாசித்த குடும்பத்தில் இரண்டு சின்னஞ்சிறு பிள்ளைகள் இறந்தார்கள். தின்னவும் இல்லை, தொடவும் இல்லை. நெல், அரிசி மூட்டைக்கு வைக்கும் மாத்திரையும் இதே வகைதான். ஆள் படுக்கும் வீட்டில் அதை வைக்கவே கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விஷம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வீட்டில், ஒரு நொடிக் கோபமும் ஒரு நாள் துக்கமும் உயிரைக் கொண்டுபோய்விடுகின்றன. மனம் நொந்திருப்பவர் இருக்கும் வீட்டில் அது அறவே வேண்டாம். பேச ஆள் வேண்டுமென்றால் 104, 14416 ஆகிய எண்களில் இலவசமாகப் பேசலாம். பள்ளிவாசலுக்கு வந்து எங்களிடமும் பேசலாம். பேசியது வெளியே போகாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

சுண்டெலிக்குப் பென்சில் பருமன் இடைவெளி போதும். வளர்ந்த எலிக்குப் பெருவிரல் பருமன் போதும். கதவின் அடியில் தகரப் பட்டை அடியுங்கள். குழாய், ஒயர் வரும் ஓட்டைகளில் பாத்திரம் துலக்கும் கம்பி நாரைத் திணித்து அதன்மேல் சிமெண்ட் பூசுங்கள். வெறும் சிமெண்டை ஈரத்திலேயே தோண்டிவிடும். சாக்கடைக் குழாய் வாயில் கம்பி வலை போடுங்கள். கூரையைத் தொடும் மரக்கிளையை வெட்டுங்கள்.

அரிசியைச் சாக்கில் வைக்காமல் மூடியுள்ள தகர டிரம்மில் வையுங்கள். நம் பாட்டன்மார் பத்தாயத்துக்குக் கால் வைத்ததும் குதிரை மேடையில் வைத்ததும் காரணத்தோடுதான். இரவில் எச்சில் பாத்திரத்தை ஊறப்போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். பாத்திரங்களை மூடி வைப்பது நமக்குச் சொல்லப்பட்ட சுன்னத்தான பழக்கம். எலி மூத்திரத்திலிருந்து உணவைக் காப்பதும் அதுவே. கோழிக்கும் ஆட்டுக்கும் வைத்த தீவனத்தை இரவில் எடுத்துவிடுங்கள். பசை அட்டையில் எலியை ஒட்ட வைத்து நாள் கணக்கில் துடிக்க விடாதீர்கள். கொல்ல வேண்டியதையும் வதைக்காமல் கொல்வதுதான் நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம்.

ஒரு வீடு மட்டும் இதைச் செய்தால் எலி அடுத்த வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான். தெரு முழுதும் செய்ய வேண்டும். வலீமா விருந்தின் மீதிச் சோறும் இலையும் தெருமுனையில் கொட்டப்படுவதும், குர்பானிக் கழிவு அரைகுறையாகப் புதைக்கப்படுவதும் நிற்க வேண்டும்.

அறக்கட்டளை அளவில் நாங்கள் இப்போது செய்திருப்பது: இருப்பு அறையின் மருந்து முழுவதையும் அப்புறப்படுத்திவிட்டோம். கதவுக்குத் தகரம் அடித்தாயிற்று. மூட்டைகள் சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளி, மரப்பலகை மேல் இருக்கின்றன. வாரம் ஒருமுறை நானும் மோதினாரும் டார்ச் விளக்கோடு சுற்றிப் பார்த்து நோட்டில் எழுதுகிறோம். கடந்த மூன்று மாதமாக ஒரு மூட்டையும் கடிபடவில்லை. வீணான நான்கு மூட்டைக்கான தொகையை நிர்வாகிகள் நாங்கள் பகிர்ந்து செலுத்திவிட்டோம். கணக்கு அறிவிப்புப் பலகையில் உள்ளது.

வருகிற மாதம் முதல் ஞாயிறு அன்று, சுபுஹுத் தொழுகைக்குப் பின் தெருச் சாக்கடையையும் குப்பை மூலைகளையும் சுத்தம் செய்ய இருக்கிறோம். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். காலில் புண் இருப்பவர்கள் தண்ணீரில் இறங்க வேண்டாம். மேலே நின்று உதவலாம். பயன்படுத்தாத எலி மருந்து வீட்டில் இருந்தால், பையில் கட்டி, பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பாமல், பெரியவர்களே கொண்டுவந்து என்னிடம் ஒப்படையுங்கள். பாதுகாப்பாக அப்புறப்படுத்துவது குறித்து வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுச் செய்துகொள்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

அந்தத் தாயாருக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே சொல்லி முடிக்கிறேன்: தவறு எங்களுடையது, சகோதரி. இனி அந்த அறையில் அது இருக்காது.

வஸ்ஸலாம்.
செயலாளர்